உருகுகலத்தின் பாடப்புத்தகம்

புலம்பெயர்ந்தோருக்கு மொழி கற்பிப்பது பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் இரண்டு கட்சிகளில் வந்து நின்றுவிடுகிறது. போன நாட்டின் மொழியோடு அதன் பண்பாட்டையும் முழுதாக ஏற்றுக் கரைந்துபோவதே முறை என்பது ஒரு கட்சி. அம்மொழியைப் புகட்டுவதே ஓர் ஆதிக்கம், வந்தவரின் அடையாளத்தைக் காப்பதே ஆசிரியரின் முதற்கடமை என்பது மறுகட்சி. டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் சூரிக்கிலும் உறவுகளை வைத்திருக்கும் தமிழ் வாசகரிடையே இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு. ஒரே அன்பர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் பேசக் கேட்டதும் உண்டு.

இரண்டையும் நாம் மறுக்கிறோம். வகுப்பில் அமர்ந்திருக்கும் மனிதர் தம்மிடம் உள்ளவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவருக்காகத் தாம் தீர்மானித்துவிடலாம் என்று இரு தரப்பாரும் நினைக்கிறார்கள். அத்தீர்மானம் அவருடையது. ஆசிரியரிடம் அவர் கேட்டு வந்தது மொழியை. அதிலும் விலை பேசவும், மறுக்கவும், ஏன் என்று கேட்கவும் உதவும் மொழியை. அதைத் தவிர மற்றெல்லாவற்றையும் கொடுத்த வகுப்புகளின் வரலாறு நூறாண்டுக்கு மேல் நீள்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொண்டு பேசுவோம். இவ்விஷயத்தில் அந்நாட்டின் அனுபவமும் பெரிது, அது விட்டுவைத்த ஆவணங்களும் பெரிது.

'உருகுகலம்' என்னும் உவமையை ஊரறியச் செய்தது இஸ்ரேல் ஸாங்வில் 1908இல் எழுதிய நாடகம். எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்க் கரைந்துவிடுங்கள் என்று நாடகம் எழுதியவர் கடைசிவரை இங்கிலாந்தில்தான் வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவைப்போம். உவமை அரங்கோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஹென்றி ஃபோர்டின் மோட்டார் தொழிற்சாலை அதைப் பாடத்திட்டமாக்கியது.

1914 ஜனவரியில் ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்தார். அதில் ஏறத்தாழப் பாதி 'இலாபப் பங்கு'. அது எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதன்று. தொழிலாளி எப்படி வாழ்கிறார், வீடு சுத்தமா, குடிப்பாரா, சேமிக்கிறாரா என்று வீட்டுக்கே வந்து விசாரிக்க நிறுவனம் தனித் துறையொன்றை வைத்திருந்தது. அதே மாதத்தில், பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி கிறிஸ்துமஸ் கொண்டாடுவதற்காக வேலைக்கு வராதிருந்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர் சுமார் 900 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அமெரிக்காவில் இருக்க விரும்புவோர் அமெரிக்க விடுமுறைகளையே கொண்டாட வேண்டும் என்பது காரணம். அவ்வாண்டிலேயே ஃபோர்டு ஆங்கிலப் பள்ளியும் தொடங்கியது. வேலை நேரம் போக மீதி நேரத்தில், விருப்பம் என்ற பெயரில், கட்டாயமாக வகுப்பு.

அப்பள்ளியின் பட்டமளிப்பு விழாவைப் பற்றி நம்மில் பலர் வாசித்திருப்போம். மேடையின் பின்புறம் ஒரு கப்பல். அதன் ஏணிப்படியில் தொழிலாளர் தத்தம் நாட்டு உடையில், மூட்டையோடு இறங்கி வருவார்கள். மேடை நடுவே ஒரு மாபெரும் கலம். வரிசையாக அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட கரண்டிகளால் கலத்தைக் கிண்டுவார்கள். சற்று நேரத்தில் அதே ஆட்கள் அமெரிக்கக் கோட்டும் சூட்டுமாய், கையில் சிறு கொடியோடு வெளியே வருவார்கள். இதைக் கேலிச் சித்திரக்காரர் எவரும் கற்பனை செய்யவில்லை. நிறுவனமே பெருமையோடு நடத்திய நிகழ்ச்சி.

ஆயினும் நம்மைப் பொறுத்தவரை இக்கலத்தைவிட முக்கியமான ஆவணம் வேறொன்று இருக்கிறது. வேளாண் கருவிகள் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1912 வாக்கில் தன் போலந்துத் தொழிலாளருக்காக அச்சிட்ட ஆங்கிலப் பாடம் அது. ஒரு பக்கம்கூட இராது. சங்கு ஊதுவது கேட்கிறது, விரைய வேண்டும் என்று தொடங்குகிறது. பிறகு வாயிலில் தன் வில்லையை எடுத்துத் தன் பிரிவுப் பலகையில் மாட்டுவது, உடை மாற்றுவது, மறு சங்கு ஊதினால் வேலை தொடங்குவது, குறித்த நேரத்துக்கு முன் உண்ணாதிருப்பது, இடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்வது என்று போகிறது. கடைசி வாக்கியத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாம் தன்மை ஒருமையில்: நான் கேட்கிறேன், நான் விரைகிறேன். கட்டளையைத் தன் வாக்காகவே சொல்லிப் பழகும்படி அமைத்த இலக்கணம். அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி வாக்கியம் இல்லை. கூலி என்ற சொல்லும் இல்லை.

கரைதல் என்று இன்றும் மேடைகளில் புகழப்படுவதன் மூலப்பாடம் இதுதான். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1924இல் குடிவரவுச் சட்டம் இயற்றிய அமெரிக்கப் பேரவை, எவரையெல்லாம் கலத்தில் போட்டுக் கிண்டினார்களோ அந்தத் தென்-கிழக்கு ஐரோப்பியரின் உறவினர்களுக்கு ஒதுக்கீடு வகுத்து வாயிலை ஏறத்தாழ அடைத்தது. ஆசியர்க்கு முற்றாகவே அடைத்தது. கோட்டும் சூட்டும் அணிந்து கொடியசைத்தவர்கள் தங்கள் தம்பியரை அழைத்துக்கொள்ள முடியவில்லை.

வேற்றுமொழி அந்நாட்டுப் பள்ளிக்கு என்றுமே ஆகாததாக இருந்தது என்று எண்ணுவோர், சின்சினாட்டியில் 1840 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டதை அறிய வேண்டும். முதல் உலகப் போர்தான் அதற்கு உலை வைத்தது. 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், தேவாலயப் பிரசங்கத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையிட்டார். ஆங்கிலம் தெரியாதவர் வீட்டிலிருந்து கும்பிட்டுக்கொள்ளலாம். கடவுளுக்கும் ஜெர்மன் மறந்துவிட்டது போலும். 1919இல் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்புத் தேறும் முன் எந்தப் பிள்ளைக்கும் வேற்றுமொழி கற்பிக்கலாகாது என்று சட்டமியற்றியது. 1920இல் ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்துப் பிடிபட்டார். அபராதம் 25 டாலர். அவர் கட்ட மறுத்து வழக்காடி, 1923இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அச்சட்டத்துக்கு ஆதரவாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். கருத்துரிமைக் காவலர் என்று நம் கட்டுரையாளர்கள் மேற்கோள் காட்டி மகிழும் அதே ஹோம்ஸ்தான்.

இவை பழங்கதைகள், இன்றைய கல்வியியல் முதிர்ந்துவிட்டது என்று சொல்லப்படும். முதிர்ச்சியின் இலட்சணத்தை 1980களின் பட்டான் முகாமில் பார்க்கலாம். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து தப்பியவர்களை அமெரிக்காவில் குடியேற்றும் முன், பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் பல மாதங்கள் வைத்து ஆங்கிலமும் 'பண்பாட்டு அறிமுகமும்' கற்பித்தார்கள். அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் டோல்ஃப்சன் 1989இல் வெளியிட்ட நூல் அப்பாடத்திட்டத்தைப் பிரித்து மேய்கிறது. கிடைக்கும் முதல் வேலையை ஏற்றுக்கொள், அடிமட்டத்திலிருந்து தொடங்கு, முதலாளியிடம் இன்முகம் காட்டு, அரசு உதவியைக் கேட்பது இழுக்கு: இவையே பாடத்தின் உள்ளுறை. மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களும் பணிவாக ஏவல் கேட்கும் வாக்கியங்களும் நன்றாகப் பயிற்றப்பட்டன. தாயகத்தில் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்தவர் தரை துடைக்கும் வேலைக்கான உரையாடலை மனனம் செய்தார். ஹார்வெஸ்டர் ஆலையின் சங்கு பசிபிக் கடல் தாண்டியும் கேட்டிருக்கிறது.

மறுகட்சிக்கு வருவோம். கரைத்தலைக் கண்டித்து எழுந்த பன்மைப் பண்பாட்டுக் கல்வி நல்ல நோக்கத்தோடுதான் பிறந்தது. வகுப்பறையில் அது எடுத்த உருவம் என்ன? ஆண்டுக்கொரு நாள் உணவுத் திருவிழா. சோமாலியா ஒரு தட்டில், எல் சால்வடார் மறு தட்டில். உங்கள் நாட்டு உடையில் வாருங்கள், உங்கள் பண்டிகையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். சொந்த ஊரில் பொறியாளராக இருந்த, பண்டிகைகளில் நம்பிக்கையற்ற, நவீனக் கவிதை வாசிக்கும் ஒரு பெண்மணி இவ்வகுப்பில் என்ன எழுதுவார்? தம் நாட்டின் சுற்றுலாக் கையேடாக அவர் நடிக்க வேண்டியிருக்கிறது. ஃபோர்டு மேடையில் முதற்காட்சியில் தொழிலாளருக்கு அணிவித்த அந்த 'நாட்டு உடை'யை நினைத்துப் பாருங்கள். அங்கே கலத்தினுள் போய்க் கழற்றச் சொன்னார்கள். இங்கே கழற்றாமல் நில் என்கிறார்கள். உடையை எடுத்துக் கொடுக்கும் கை மாறவில்லை.

பண்பாடு என்பது பாடமாக்கிப் பரீட்சை வைக்கத்தக்க பொருள் என்னும் நம்பிக்கை இரு கட்சிக்கும் பொது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நெதர்லாந்தைச் சொல்லலாம். 2006 முதல் அந்நாட்டுக்குக் குடும்பத்தோடு சேர வருவோர், புறப்படும் முன்பே தம் நாட்டுத் தூதரகத்தில் டச்சு மொழியிலும் டச்சு வாழ்க்கை முறையிலும் தேர்வெழுதித் தேற வேண்டும் என்றானது. தேர்வுக்கான படத்தில் மேலாடையின்றிக் கடலாடும் பெண்ணும் முத்தமிடும் இரு ஆண்களும் இடம்பெற்றிருந்தனர். அதை எதிர்த்தும் ஆதரித்தும் நிரம்பப் பேசினார்கள். நமக்கு அந்தப் படத்தின் மேல் புகாரில்லை. அமெரிக்கர், கனடியர், ஜப்பானியர், ஆஸ்திரேலியர் போன்றோருக்கு இத்தேர்விலிருந்து விலக்கு அளித்தார்களே, அதுதான் செய்தி. டோக்கியோவாசிக்குப் பிறப்பிலேயே டச்சுப் பண்பாடு கைவந்துவிடும். மொரோக்கோவில் உள்ள மனைவிக்கு மட்டும் பரீட்சை வேண்டும். 350 யூரோ தேர்வுக் கட்டணம் குடும்பங்கள் இணைவதற்கே தடையாகக்கூடும் என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி, கரைதல் கட்சியின் ஆகச் சிறந்த வாதத்தை எதிர்கொள்ளாமல் இக்கட்டுரை நகர முடியாது. அதை முன்வைத்தவர் அதிகாரி அல்லர், எழுத்தாளர். ரிச்சர்ட் ரோட்ரிகஸின் 'ஹங்கர் ஆஃப் மெமரி' 1982இல் வந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோரின் மகன்; சாக்ரமென்டோவில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்காததைக் கண்ட கன்னியாஸ்திரிகள் ஒருநாள் வீட்டுக்கே வந்து, வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். பெற்றோர் இசைகிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் தேறுகிறான். வீடு மெல்ல மௌனமாகிறது. ஆங்கிலம் சரளமாக வராத தந்தை பேச்சு குறைந்தவராகிறார். இழப்பை இவ்வளவு துல்லியமாக எழுதிய ரோட்ரிகஸ், இந்த இழப்பு வேண்டியதே என்கிறார். வீட்டுமொழியில் ஒளிந்துகொண்டிருந்த சிறுவனுக்குப் பொதுவெளியில் பேசும் உரிமையைத் தந்தது அந்த ஆங்கிலமே என்பது அவர் கட்சி. இருமொழிக் கல்வியை அவர் எதிர்த்ததால் சொந்த சமூகத்தாரிடம் வாங்கிய வசை கொஞ்சமன்று.

அவரைத் துரோகி என்று தள்ளிவிடுவது சோம்பல். பொதுமொழி உரிமையைத் தருகிறது என்பது உண்மை. அதைப் பிள்ளைக்கு மறுப்பவர் அடையாளத்தின் பெயரால் அவனைச் சேரிக்குள் நிறுத்திவைக்கிறார். ஆனால் ரோட்ரிகஸிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. பொதுவெளிக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்று இரண்டு களங்களைப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். அப்படியானால் பொதுவெளியின் ஆட்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது எதற்கு? பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது அவர்கள் தொழில். வகுப்பறையில் தாம் செய்யத் தவறியதைத் தாயின் நாவில் செய்துகொள்ளப் பார்த்தார்கள். அவர் விலை என்று எண்ணிக் கட்டியது, கடைக்காரர் கேட்டிருக்கவே கூடாத தொகை.

ஏனெனில் வீட்டுமொழி புதுமொழிக்கு இடைஞ்சல் என்பது நிறுவப்பட்ட கருத்தன்று. முதல்மொழியில் ஊன்றிய வாசிப்பும் சிந்தனையும் இரண்டாம் மொழிக்குக் கைமாறும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதிவந்தார். எல்சா அவர்பாக் 1993இல் ஒரு கட்டுரையில், வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்னும் விதி ஆய்விலிருந்து பிறந்ததன்று, அந்தப் பழைய அமெரிக்கமயமாக்கலின் எச்சம் என்று காட்டினார். வயது வந்தோர் வகுப்பில் தாய்மொழிக்கு இடமளித்தால், முன்பு முதல் வாரமே நின்றுவிட்டவர்கள் தங்கிப் படிக்கிறார்கள் என்பதும் அவர் கவனப்படுத்திய செய்தி. லில்லி வாங் ஃபில்மோர் 1991இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் விசாரித்து எழுதிய கட்டுரை இன்னும் கசப்பானது. மழலைப் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் மூழ்கடிக்கப்பட்ட பிள்ளைகள் ஆங்கிலம் தேறும் முன்பே வீட்டுமொழியை உதிர்க்கத் தொடங்குகிறார்கள். ஊரிலிருந்து வந்த தாத்தாவிடம் மரியாதை விகுதியின்றிக் கொரிய மொழி பேசிப் பிரம்படி வாங்கிய பிள்ளைகள் அதில் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. அதற்குரிய விகுதிதான் கையில் இல்லை. 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் இடையே வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் இங்குமங்கும் அலைந்திருக்கிறது. 1974இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர் ஏறத்தாழ 2,800 பேரில் 1,800 பேருக்குத் தனிப்பயிற்சி ஏதுமில்லாதிருந்த வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகம் ஒரே ஆசிரியர் என்பதாலேயே சமத்துவம் வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998இல் அதே கலிபோர்னியா மக்கள் 61 விழுக்காட்டு வாக்களித்து இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். 2016இல் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து மீண்டும் திறந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அதிபர் ஆணை ஒன்று ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழி என்று அறிவித்தது. ஆங்கிலம் போதாதவர்க்கு அரசுத் துறைகள் மொழியுதவி செய்யப் பணித்த 2000ஆம் ஆண்டு ஆணையையும் அது நீக்கியது. மொழியைக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு, கற்கும்வரை மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்பதைச் சொல்லாமல் விடுவது எளிது.

மாற்று இல்லாமல் இல்லை. பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியில் அவர்பாக்கும் நினா வாலர்ஸ்டைனும் 1987இல் தொழிலாளர்க்கென எழுதிய ஆங்கிலப் பாடநூல், வேலையிடத்துச் சிக்கலையே பாடமாக்கியது. மிகைநேர வேலை, ஆபத்தான இரசாயனம், மேற்பார்வையாளரின் பாகுபாடு. மாணவர் முதலில் சிக்கலைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். பிறகு காரணம் தேட வேண்டும். பிறகு என்ன செய்யலாம் என்று தமக்குள் பேச வேண்டும். இலக்கணம் அதனூடே வரும். இதில் எவரும் எதையும் கழற்றவும் இல்லை, அணிந்துகாட்டவும் இல்லை. வந்தவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது புத்தகத்துக்கு வேண்டாத விஷயம். தம் ஊரைப் பற்றி அவரே பேச விரும்பினால் பேசலாம்.

இதுவரை தலையாட்டி வாசித்துவந்த நம் அன்பர்களிடம் கடைசியாக ஒன்று. இந்த வகுப்பறை அமெரிக்காவில் மட்டும் இல்லை. பலாங்கீரிலிருந்தும் நுவாபடாவிலிருந்தும் திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு வரும் ஒடியக் குடும்பங்கள், திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் உள்ள பீகாரிகள், இவர்கள் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் வந்து அமர்கிறார்கள். நாடு தாண்டி வந்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் முதல் வகுப்பில் ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாட்டெல்லையும் மாநில எல்லையும் ஒன்றுதான். 2006இல் நாம் இயற்றிய தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழ் கற்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கற்கவில்லை என்றால் இழப்பு அந்தப் பிள்ளைக்கு. எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் நம் நாவில் ஹார்டிங் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இந்தித் திணிப்பை எதிர்த்து மேடையில் நெஞ்சுருகப் பேசியவர்களே, இறங்கி வந்து 'வடக்கன்' என்று சிரிக்கிறார்கள். போஜ்புரி பேசும் பிள்ளைக்கும் இந்தி ஒருவகையில் திணிக்கப்பட்டதே என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

சூளைப் பிள்ளைகளுக்கென ஒடிய மொழிப் பாடநூல்களையும் அம்மொழி அறிந்த ஆசிரியரையும் வரவழைத்துத் திருவள்ளூரில் வகுப்பு நடத்திய முயற்சி மெச்சத்தக்கது. சூளைப் பருவம் முடிந்து ஊர் திரும்பினால் படிப்பு அறுந்துபோகாமலிருக்க அது உதவியது. அதே பிள்ளைகளின் பெற்றோருக்குத் தமிழ் கற்பிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? மேஸ்திரி சொல்லும் ஏவல்கள் அவர்களுக்கு ஏற்கெனவே புரியும்: தூக்கு, போடு, சீக்கிரம். முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, ஆயிரம் கல்லுக்கு என்ன கணக்கு, இந்தப் பிடித்தம் எதற்கு, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வர இயலாது: இவற்றைத் தமிழில் சொல்ல ஒரு சிறு நூல் வேண்டும். இடப்பக்கம் ஒடியா, வலப்பக்கம் தமிழ், ஒடிய எழுத்திலேயே தமிழ் உச்சரிப்பு. முப்பது பக்கம் போதும். மொழியியல் கற்றவர்களும் ஒடியா அறிந்தவர்களும் நம் வாசகரில் இருக்கிறார்கள். எழுதித் தருவாராயின் அச்சுச் செலவை நாம் ஏற்கிறோம். முதல் பாடத்தை மட்டும் கேள்வி வாக்கியங்களில் தொடங்குங்கள்.